மாலை போட்டால் தொட மாட்டான்

“எங்க வீட்டுக்காரர் குடிப்பார்தான், இல்லேங்கலை. ஆனா குடிக்கு அடிமையெல்லாம் கிடையாதுங்க. சபரிமலைக்கு மாலை போட்டுட்டார்னா ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொட மாட்டார்.”

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க முடியாது. மனைவி சொல்வார், தாய் சொல்வார், குடிப்பவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். பழனிக்கு மாலை போடுகிறவர்களும், தவக்காலத்தில் நாற்பது நாள் நிறுத்துகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் கேட்டவர் தலையாட்டிவிடுகிறார். அத்தோடு அந்த வீட்டில் விசாரணை முடிந்துவிடுகிறது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சொல்லப்பட்ட வாதத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். “நிறுத்த முடிகிறது, ஆகவே அடிமை இல்லை.” விரத நாட்களில் அவனிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: முதல் கிளாஸைத் தொடாதே. அதற்குக் குருசாமி காவல், கூட வரும் சாமிகள் காவல், கருப்பு வேட்டி காவல், “சாமி” என்று கூப்பிடுகிற தெருவே காவல். குடிநோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் முதல் கிளாஸுக்குப் பிறகு வருவது. “ஒரு கட்டிங் போட்டுட்டு எழுந்துடுறேன்” என்று உட்கார்ந்தவன் ஒரு கட்டிங்கோடு எழுந்தானா? மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியவன், ஆவணி மாதம் குடித்த அளவுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆயிற்று? இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனின் கிரிஃபித் எட்வர்ட்ஸ், அமெரிக்காவின் மில்டன் கிராஸ் என்ற இரு மருத்துவர்கள் 1976இல் குடிச்சார்பு நோயின் கூறுகளைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வரையறுத்தார்கள். அவர்கள் குறிப்பிட்ட கூறுகளில் ஒன்று, இடைவெளிக்குப் பிறகு நோய் திரும்பி வரும் வேகம். பல ஆண்டுகளில் மெல்ல வளர்ந்த குடி, நடுவில் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கும்போது சில நாட்களிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிடும். அதாவது, நாம் நலத்துக்குச் சான்றாகக் காட்டும் அந்த மண்டலம் முடிந்த மறுவாரம்தான் நோய் மிகத் தெளிவாகத் தெரியும் நேரம். அந்த வாரத்தில் நாம் அரவணைப் பாயசம் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பேச்சு நண்பர்கள் வட்டத்தில் நடப்பது. “நாலு ரவுண்டு போனாலும் நம்ம ஆளு ஸ்டெடியா நிப்பான்.” இதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள், கேட்கிறவனும் பெருமையாக ஏற்றுக்கொள்கிறான். முன்பு இரண்டு ரவுண்டில் தள்ளாடியவன் இன்று நான்கு ரவுண்டிலும் தள்ளாடவில்லை என்றால், அவன் மூளை சாராயத்துக்குத் தன்னை மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். ஈரல் அப்படிப் பழகிக்கொண்டு தப்பித்துவிடுவதில்லை. வந்த அத்தனையையும் அதுதான் எரித்தாக வேண்டும். அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற ஆய்வாளர், குடிநோயாளிகளின் மகன்களை இளம்வயதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். இருபது வயதில் குடித்தும் போதை ஏறாமல் நின்றவர்களே பின்னாளில் குடிநோய்க்கு அதிகம் ஆளானார்கள். தந்தை குடிநோயாளி, மகனோ “ஸ்டெடி” என்றால் அந்த வீடு பயப்பட வேண்டும். நாம் அவன் முதுகில் தட்டிக்கொடுக்கிறோம்.

“ஒரு குவார்ட்டர்தானே” என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லிலிட்டர். பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் நம் ஊர்ப் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் அளவு 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வரையறுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் குறைந்த அளவாகக் கருதப்படுவது, உலகக் கணக்கில் ஆபத்தின் தொடக்கக் கோடு.

இப்போது காலைப்பொழுதுக்கு வருவோம். குடிநோயைப் பார்க்க இரவில் டாஸ்மாக் வாசலுக்குப் போக வேண்டியதில்லை, அங்கே தெரிவது போதைதான். நோயைக் காலை ஏழு மணிக்கு டீக்கடையில் பார்க்கலாம். டீ கிளாஸை ஒரு கையால் எடுக்காமல் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடிப்பவரைப் பாருங்கள். “முக்கால் கிளாஸ் போதும்” என்று அவர் கேட்பது சிக்கனத்துக்காக இல்லை, நிறைந்த கிளாஸ் வாய்க்குப் போவதற்குள் சிந்திவிடும் என்பதற்காக. வீட்டில் பல் விளக்கும்போது ஓங்கரிப்பார், ஒன்றும் வெளியே வராது. சட்டையின் மேல் பொத்தானைப் போட நேரம் பிடிக்கும். காலைச் சாப்பாடு இறங்காது. பேங்கில் கையெழுத்துப் போட வேண்டிய வேலையை மத்தியானத்துக்குத் தள்ளிவைப்பார். ஏனென்றால் ஒரு கட்டிங் உள்ளே போன பிறகுதான் கை நிற்கும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே முந்தைய இரவே “காலைக்கு” என்று ஒரு பாட்டில் வாங்கி வண்டிப் பெட்டியிலோ, மாட்டுக்கொட்டகையிலோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ வைத்திருப்பார். வைக்கத் தவறினால் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்.

வட கரோலினாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984இல் நான்கே கேள்விகளை வெளியிட்டார். குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? குடியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி கொண்டதுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தையோ தலைபாரத்தையோ போக்கக் குடித்ததுண்டா? இரண்டுக்கு “ஆம்” என்றால் மருத்துவர் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கல்வியறிவோ கருவியோ தேவைப்படாத கேள்விகள் இவை. நம் வீட்டு ஆண்களிடம் இவற்றைக் கேட்கிறோமா? பல்லி எந்தத் தோளில் விழுந்தது என்பதற்குப் பலன் தேடிப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற வீட்டில், தினமும் காலையில் கண்முன்னால் நடுங்கும் கைக்கு என்ன பலன் என்று தேடுவார் இல்லை.

தேடாவிட்டாலும் அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியும். குழந்தைக்கு. சந்து முனையில் அப்பாவின் வண்டி திரும்பும் சத்தத்திலேயே இன்றைக்கு எப்படி என்று அது கணித்துவிடும். ஸ்டாண்டு போடும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், கதவைத் தட்டும் விதம், இவ்வளவும் அதற்குப் பாடம். அதன்படிதான் அது புத்தகத்தைத் திறப்பதும் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வதும். ஏழு வயதுக் குழந்தை கண்டுபிடித்ததை எழுபது வயதுப் பாட்டி “அவன் அப்படியெல்லாம் இல்லை” என்று மறுக்கிறார் என்றால், அங்கே குறைவது அறிவு இல்லை, நேர்மை.

இதில் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது மூன்றாம் நாள் கதை. ஊர்தோறும் நடப்பது இது. குடும்பம் கூடி அழுது, குலசாமி முன்னால் நிறுத்திக் கையில் கயிறு கட்டி, “இனி தொட மாட்டேன்” என்று சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். அவனும் மனதாரத்தான் சொல்கிறான். அன்று இரவிலிருந்து குடி இல்லை. ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு. இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பகலும் இரவும் குழம்பிப்போகும். சட்டையில் ஊராத எறும்பைப் பொறுக்கிப் போடுவான். சுவர் மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்று பதறுவான். செத்துப்போன சித்தப்பாவோடு பேசுவான். லாரி ஓட்டுகிறவனாக இருந்தால் கட்டிலில் உட்கார்ந்தபடியே இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பி, இல்லாத கியரை மாற்றுவான். இரவு ஏற ஏற இது கூடும்.

வீட்டார் என்ன முடிவுக்கு வருகிறார்கள்? பேய் பிடித்துவிட்டது. அல்லது சத்தியத்தை மனதுக்குள் மீறியதால் சாமி தண்டிக்கிறது. பூசாரி வருகிறார், வேப்பிலை வருகிறது, சில இடங்களில் சங்கிலியும் வருகிறது.

அது பேயும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்கி வைத்திருந்தது. மூளையும் அதை எதிர்த்து முழு விசையில் இயங்கப் பழகியிருந்தது. அமுக்கிய கை திடீரென்று எடுபட்டதும், அந்த விசை கட்டில்லாமல் பாய்கிறது. மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் சேர்த்தால் நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். எந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இது அன்றாட வேலை. மாவட்டத் தலைநகரில் இலவசமாகக் கிடைக்கும் அந்த ஊசிக்குப் பதிலாக வேப்பிலை அடி வாங்கிச் செத்துப்போகிறவனின் மரணத்துக்கு யார் பொறுப்பு? குடிதான் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாள்தோறும் காலையில் குடிக்கும் ஒருவரை, மருத்துவரிடம் காட்டாமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது அவரைக் கொல்லக்கூடும். கயிறு கட்டுகிற கோயில்கள் முதலில் இந்த எச்சரிக்கையை எழுதி வைக்க வேண்டும்.

கயிறு பலிக்காதபோது பொடி வருகிறது. “குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்” என்ற விளம்பரத்தைப் பேருந்துக்குள்ளும் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையில் உண்டு. 1940களில் டென்மார்க்கில் அதன் பயனைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அதனால்தான் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். தெரியாமல் தின்றவன் வழக்கம்போல இரண்டு குவார்ட்டர் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விளம்பரப் பொடியில் அந்த மருந்து இருக்கிறதா, வேறு எது இருக்கிறது என்று விற்கிறவன் சொல்வதில்லை. கணவனின் சாப்பாட்டில் பெயர் தெரியாத பொடியைக் கலக்கும் மனைவியின் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தத் தவிப்பைக் காசாக்குகிறவனைப் பிடித்து உள்ளே போடாத சட்டத்தைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஜோசியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழரைச் சனி முடிந்தால் குடி விடும் என்று ஏழரை ஆண்டு காத்திருந்த வீட்டில், அதற்குள் ஈரல் சுருங்கியிருக்கும்.

“குடி ஒரு நோய் என்கிறீர்கள், அப்புறம் ஏன் ஒழுக்கம், நேர்மை என்று பேசுகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804இலேயே, கட்டுக்கடங்காத குடியை நோயாகப் பார்க்க வேண்டும் என்று நூல் எழுதினார். அந்த நோக்கை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நோயாளியைத் திட்டுவதிலும் அடிப்பதிலும், “உனக்கெல்லாம் மானமில்லையா” என்று கேட்பதிலும் எந்தப் பயனும் இல்லை. பதிவு பெறாத சில மறுவாழ்வு மையங்களில் நடக்கும் அடிஉதை சிகிச்சை ஆகாது, அது குற்றம். நான் ஒழுக்கக் கேள்வி கேட்பது நோயாளியிடம் இல்லை, நோயைப் பார்த்துக்கொண்டே மறைக்கிறவர்களிடம்.

மறைப்பின் விளைவு எண்ணிக்கையில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக எடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடிச்சார்பு நோய் உள்ள இந்தியர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்து பெற்றவர் 180 பேரில் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் எங்கே? வீட்டுக்குள் இருக்கிறார்கள். “அவருக்குக் காய்ச்சல் சார்” என்று மனைவி கம்பெனிக்கு போன் செய்கிறார். தம்பி கடனை அடைக்கிறான். அம்மா வாந்தியைத் துடைத்துவிட்டு, “வெயில் ஒத்துக்கலை” என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறார். இவை எல்லாம் அன்பினால் நடப்பவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நோய் வளர்வதற்குத் தேவையான ஆண்டுகளை அதற்குத் தருவது இந்த அன்புதான்.

மாநில அரசின் பங்கைச் சொல்லாமல் விடுவது கோழைத்தனம். 2003 இறுதியிலிருந்து சில்லறை மது விற்பனையைத் தானே நடத்துகிற அரசு இது. விற்பனைக்கு இலக்கு வைக்கத் தெரிந்த நிர்வாகம், வாடிக்கையாளரில் எத்தனை பேரைச் சிகிச்சைக்கு அனுப்பினோம் என்பதற்கும் ஓர் இலக்கு வைக்கட்டும். ஆனால் நம் ஊரில் பேச்சு முழுவதும் கடையை மூடு, திற என்பதிலேயே நின்றுவிடுகிறது. கள்ளுக்கடை மறியல் காலத்தில் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார், பிற்காலத்தில் சட்டம் போட்டுக் குடியைத் தடுப்பதை எதிர்த்தார். இரண்டு நிலைகளில் எது சரி என்று வாதிடலாம். கடை இருந்தாலும் மூடினாலும் உங்கள் வீட்டில் ஏற்கெனவே கை நடுங்கும் மனிதருக்கு இன்றைக்குத் தேவை ஒரு மருத்துவர் என்பது மட்டும் மாறாது.

கடைசியாக, இந்த மறைப்புகள் எல்லாவற்றிலும் கொடியது கல்யாணம். “ஒரு கால்கட்டுப் போட்டுட்டா சரியாயிடுவான்” என்று சொல்லாத குடும்பம் குறைவு. எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள்? மனைவி மருந்தா? இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, தாயும் தந்தையும் பத்தாண்டுகளாகச் செய்ய முடியாத சிகிச்சையைச் செய்யும் திறமை எங்கிருந்து வரும்? சரியாகாதபோது “அவ சரியில்லை, அதான் குடிக்கிறான்” என்ற பழியும் அவள் தலையில்தான் விழுகிறது. நட்சத்திரம், ராசி, கணம், ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை டீ கிளாஸை எப்படிப் பிடிக்கிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பார்க்க முயன்ற பெண் வீட்டாரையும் நாம்தான் ஏமாற்றினோம். அவர்கள் விசாரிக்க வருவார்கள். தெருமுனை மளிகைக் கடையில், டீக்கடையில், பக்கத்து வீட்டில் தயங்கித் தயங்கி “பையன் எப்படிங்க?” என்பார்கள். அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். “ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்கு?” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்கள். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பதைப் புண்ணியமாக நினைக்கும் ஊர் இது. அந்த ஆயிரத்தில் இந்த ஒரு பொய்யின் விலையை, முன்பின் தெரியாத ஒரு பெண் நாற்பது ஆண்டுகள் கட்டுகிறாள். மாப்பிள்ளைக்கும் அது நன்மை செய்யவில்லை. நோய் தெரிந்த அன்றே சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டியவனைப் பந்தலுக்கு அனுப்பினோம்.

பிள்ளையைப் பெற்றவர்களே, கை நடுக்கம் தெரிந்துவிட்டது என்றால் பெண் தேடுவதை நிறுத்துங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். போவதற்குக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கோ முதலில் பேசுங்கள், கட்டணம் கிடையாது. அவர் மறுத்தால் நீங்கள் மட்டுமாவது மருத்துவரைப் போய்ப் பாருங்கள். தெருவில் குடியிருப்பவர்களே, நாளைக்கு யாராவது வந்து “பையன் எப்படி?” என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.